ஒண்ணாம் நம்பர் ஃபோல்டர்

நாலாவது ஃபோல்டரைத் திறக்கும்போதே கம்ப்யூட்டர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

கம்ப்யூட்டர் என்பது மேசைமேல் இருந்த மெஷின் இல்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆள். கல்குவாரியில் டிப்பருக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் வலது கையில் இரண்டு விரல் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டி நசுங்கித் துண்டாகிப்போனது. கை ஆறுகிற வரைக்கும் சும்மா கிடக்க முடியாமல் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனான். கை ஆறியதும், இனி இவன் கல் தூக்க லாயக்கில்லை என்று குவாரியில் கழித்துக் கட்டினார்கள். சங்கத்து ஆபீசில் வந்து உட்கார்ந்தான். மீதி எட்டு விரலை வைத்துக்கொண்டு அவன் தட்டுகிற வேகத்தைப் பார்த்து ஆட்கள் வைத்த பெயர் அது. கோபம் வந்தால் அவன் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஆபீஸ் என்றால் பஞ்சர் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே டயருக்குக் காற்றடிக்கிற மோட்டார் ஓடினால் மேலே மேசை நடுங்கும். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. செயலாளர் அக்கா அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷம் சுத்தியலால் ஜல்லி உடைத்த பெண்பிள்ளை. பேச்சும் அப்படித்தான் விழும்.

"அஞ்சத் தெற."

திறந்தான். இருபத்திரண்டு படம் இருந்தது.

"ஆறு."

பத்தொன்பது.

"என்னடா இது? ஆளுக்கு ஐநூறு படம் கிட்ட இருக்கணும். ரெண்டு வருஷத்துப் படம்டா. பதினாலத் தெற."

பதினாலில் ஒன்றுகூட இல்லை. வெள்ளையாக இருந்தது. போன வருஷம் செத்துப்போன ஆளின் ஃபோல்டர் அது.

அந்தப் படங்கள்தான் சங்கத்தின் இரண்டு வருஷத்து உழைப்பு. குவாரியில் வேலை செய்கிறவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. காலை ஏழு மணிக்குக் கான்டிராக்டரின் ஆள் ஒரு சீட்டு தருவான். அதில் ஆளின் நம்பரும் தேதியும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் இருக்கும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்தச் சீட்டைத் திருப்பி வாங்கி, கண்ணுக்கு முன்னாலேயே கிழித்துப் போட்டுவிடுவான். கிழித்த பிறகு நீ யாரோ, குவாரி யாரோ. நுரையீரலில் கல்தூசி இறங்கிப் படுத்தால், இவன் என் குவாரியில் வேலையே செய்யவில்லை என்று முதலாளி கையை விரித்துவிடலாம். அதனால் சங்கம் இருபத்துமூன்று பேருக்கும் ஒரே மாதிரி மலிவு போன் வாங்கிக் கொடுத்தது. தினமும் காலையில் சீட்டைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு படம். ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு வந்தால் போன் தானாகவே படங்களைச் சங்கத்தின் கிளவுட் கணக்கில், அவரவர் நம்பர் போட்ட ஃபோல்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. படங்களைக் காட்டி, வேலை செய்தது உண்மை என்று நிரூபித்தால் சாகும்வரை வைத்தியம், வீட்டுக்கு மாதாமாதம் உதவி. நிரூபிக்க முடியாவிட்டால் இருமிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

"ஒண்ணாவது இருக்கா பாரு, கடவுளே," என்றாள் அக்கா.

ஒண்ணாம் நம்பரைத் திறந்தான். முழுசாக இருந்தது. ஐநூற்று நாற்பத்தைந்து படம். எல்லாவற்றிலும் அவன் மச்சான், பெண்டாட்டியின் அண்ணன், சீட்டைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் ஃபோல்டரை மூடினான். ஒண்ணாவது மட்டும் ஏன் மிஞ்சியது என்று உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, இடம் நிரம்பிவிட்டது என்று கிளவுட் கணக்கில் சிவப்பு எழுத்து வந்தது. சில பேர் ஒரே படத்தை இரண்டு தரம் மூன்று தரம் அனுப்பித் தொலைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். இரட்டைப் படங்களைத் தேடி அழிக்க ஒரு கோட், சின்னதாக ஒரு புரோகிராம், எழுதினான். படத்தைப் பிரித்துப் பார்த்து ஒப்பிட்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு மணிநேரம் ஓடும். டீ குடிக்கப் போகிற அவசரத்தில் பெயரை மட்டும் ஒப்பிட்டான். ஏற்கெனவே பார்த்த பெயர் திரும்ப வந்தால் அழி. அவ்வளவுதான், ஒரே வரி. ஆனால் இருபத்துமூன்றும் ஒரே ரகப் போன். எல்லாப் போனும் படத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே மாதிரிதான் பெயர் வைக்கும். கோட் ஒண்ணாம் நம்பர் ஃபோல்டரில் தொடங்கியது. மச்சான் ஒருநாள்கூட லீவு போடாத ஆள், அவரிடம் இருந்த படம்தான் அதிகம். அவருடைய படங்களின் பெயரையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு, அடுத்த இருபத்திரண்டு பேரின் படங்களையும் இரட்டை என்று நினைத்து ஒன்றுவிடாமல் வழித்து எறிந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று நாலு ஞாயிறு வந்து சேர்ந்த படங்கள்தான் இப்போது கண்ணுக்குத் தெரிகிற இருபதும் இருபத்திரண்டும். அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்றைக்கு டீக்கடையில் அவன் சொன்னதும் ஞாபகம் வந்தது. "ஒரு மாசத்து வேலைய ஒரே அமுக்குல முடிச்சிட்டேன்."

"அழிஞ்சத மீட்க முடியுமா முடியாதா?" என்றாள் அக்கா.

"குப்பைத்தொட்டில இருக்கும்க்கா. முப்பது நாள் வரைக்கும் இருக்கும்."

"இன்னிக்கு எத்தனாவது நாளு?"

"இருபத்தேழு."

"அது எப்படி ஒனக்கு ஒடனே தெரியுது?"

அவன் திரையைக் காட்டினான். நடவடிக்கைப் பட்டியலில் அந்தப் புதன்கிழமையின் தேதி இருந்தது. அதற்குக் கீழே ஒரே வரி: நீங்கள் 10,614 உருப்படிகளைக் குப்பைத்தொட்டிக்கு நகர்த்தினீர்கள்.

"நீங்கள்னா யாரு?"

"சங்கத்துக் கணக்குக்கா. இந்த மெஷின்ல யாரு ஒக்காந்தாலும் நீங்கள்னுதான் போடும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கேடு. அக்கா மேசை டிராயரைத் திறந்து வருகைப் பதிவேட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினாள். அந்தப் புதன்கிழமை ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது. ஆபீசில் வேலை செய்கிறவன் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. வந்துபோகிறவர்கள்தான் போடுவார்கள். கோணல்மாணலாக, மச்சானின் கையெழுத்து.

*

சாயங்காலம் அஞ்சரைக்குக் குவாரி ஆட்கள் படியேறி வந்தார்கள். புருவம்வரை வெள்ளைத் தூசி. அறைக்குள் பாதிப் பேர், படிக்கட்டில் பாதிப் பேர். கம்ப்ரசர் வைத்துப் பாறையில் வெடிக்குழி போடுகிறவர் முதல் வரிசையில் நின்றார். கம்ப்ரசர்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நின்று காது பாதி அடைத்துப்போனதால் ரகசியம் பேசினாலும் தெருவுக்கே கேட்கும்.

"ஒண்ணாம் நம்பர் படம் மட்டும் பத்திரமா இருக்காமே! அது எப்படிம்மா? குப்பைத்தொட்டிக்கும் ஆள் தெரியுமா?"

மச்சான் கடைசியாக வந்தார். பதினாறு படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று இருமினார். உள்ளே வந்ததும் அக்கா பதிவேட்டைக் காட்டினாள். திரையைக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நீங்கள்... நகர்த்தினீர்கள்." நிமிர்ந்தார். "என்னயத்தான் சொல்லுதா?"

அக்கா பதிவேட்டில் அவர் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அன்னிக்கி வந்தேன். வாஸ்தவம். மாப்ள டீ வாங்கக் கீழ போயிருந்தான். என் மூஞ்சி எப்படித்தான் விழுந்திருக்குன்னு பாக்கலாம்னு ஒக்காந்தேன். ஏதோ ஒரு கட்டம் வந்துச்சு. சரியான்னு கேட்டுச்சு. நானும் சரின்னு அமுக்கினேன்." அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல். "நாந்தான் போலருக்கு."

"ஒன்னோடத மட்டும் ஒதுக்கி வச்சிட்டு அமுக்கிருக்க பாரு, அதான் தெறம!" என்றார் கம்ப்ரசர்காரர்.

அந்த வரியில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. அதை அமுக்கினால் மணியும் தெரியும். காலை பத்து நாற்பது. மச்சான் ஆபீசுக்கு வந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. கம்ப்யூட்டரின் கை மவுஸின் மேல்தான் இருந்தது. அம்புக்குறிக்கும் அவன் விரலுக்கும் நடுவில் ஒரு நகக்கண் தூரம்கூட இல்லை.

அவன் அமுக்கவில்லை. "மீட்டுறலாம். நான் பாத்துக்கறேன்," என்று மட்டும் சொன்னான். சொன்ன குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

*

வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததே தவிர யாரும் சாப்பிடவில்லை. பெண்டாட்டி தையல் கம்பெனியில் இருந்து வரும்போதே பஸ்ஸில் சேதி காதுக்கு எட்டியிருந்தது. கைப்பையை வீசி எறிந்தாள்.

"எங்க அண்ணனுக்கு ஏங்க இந்தப் புத்தி? தெரியாத மெஷின்ல எதுக்குக் கைய வைக்கணும்? பதினாலாம் நம்பர் பொண்டாட்டி பஸ்ஸுல என் மூஞ்சியப் பாக்காம ஜன்னலப் பாத்துக்கிட்டு வர்றா. எனக்கு எறங்கி ஓடிறலாம்போல இருந்துச்சு."

"விடு. திரும்ப வந்துரும்."

"வந்துருச்சுன்னா பேச்சு போயிருமா? வேணும்னே பண்ணிட்டான்னு சொல்றாங்களே!" சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் மெஷின அவன்கிட்ட விட்டுட்டு டீக்குப் போனீங்க?"

"தப்புதான்," என்றான். இவ்வளவு சின்னத் தப்பை ஒப்புக்கொள்ள முடிந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. அண்ணனைத் திட்டிவிட்டு வந்தாளாம். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம்.

*

புதன்கிழமை காலை முதலில் கையாலேயே மீட்டுப் பார்த்தான். குப்பைத்தொட்டி ஒரு தடவைக்கு ஐம்பது படம்தான் காட்டியது. ஐம்பதையும் தேர்ந்தெடுத்து மீட்டெடு என்று அமுக்கினால் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து மணிக்குள் நானூறு. அதற்கப்புறம் திரை உறைந்துபோனது. இந்தக் கணக்கில் போனால் வெள்ளிக்கிழமை காலையில் பாதிக் கிணறுகூடத் தாண்டியிருக்க மாட்டான். அழித்தது கோட். மீட்பதற்கும் கோட்தான் வேண்டும்.

பழைய கோட் இருந்த கோப்பைத் திறந்தான். அந்த ஒரு வரி அப்படியே இருந்தது. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று முதலில் அதை அழிக்கப் போனான். பிறகு கையை எடுத்துக்கொண்டான். போதும், அழித்தவரைக்கும் போதும். அதை மூடிவிட்டு, பக்கத்தில் புதுக் கோப்பைத் திறந்தான்.

"மாப்ள, நான் இங்க ஒக்காந்துக்கவா?"

மச்சான் வாசலில் நின்றிருந்தார். குவாரிக்குப் போகவில்லை. வாழ்க்கையில் முதல் லீவு.

"அங்க யாரும் எங்கூடக் கல்லுப் புரட்ட வரமாட்டேங்குறானுங்க. கம்ப்ரசர்காரன் எனக்குத் தண்ணிக் குடத்தக்கூடத் தரல. நீ வேலையப் பாரு. நான் எதையும் தொடமாட்டேன்."

சொன்னபடியே இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். தொடைக்கடியில் அடங்கிக் கிடந்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு கோட் எழுதுவது கம்ப்யூட்டருக்குப் பாறையைப் பிளப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வேலை என்னவோ சொல்வதற்குச் சுலபம். குப்பையில் கிடப்பதையெல்லாம் பட்டியல் எடு. அந்தப் புதன்கிழமை விழுந்ததை மட்டும் பிரித்தெடு. ஒவ்வொன்றின் விவரத்திலும் குப்பையா என்ற இடத்தில் ஆமாம் என்று இருக்கும், அதை இல்லை என்று மாற்று. மாற்றியதும் படம் தன் பழைய ஃபோல்டருக்கே போய்விடும். ஆனால் பட்டியல் மொத்தமாக வராது, ஆயிரம் ஆயிரமாக வரும். அடுத்த ஆயிரத்துக்கு முந்தின ஆயிரத்தின் வாலில் ஒரு சாவி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். இந்த முறை அவன் அவசரப்படவில்லை. முதலில் பத்துப் படத்தை மட்டும் மீட்டான். பத்தும் அதனதன் ஃபோல்டருக்குப் போனதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். பிறகு நூறு.

நூறும் வந்தது. மூச்சை விட்டான்.

"எத்தன ஆச்சு மாப்ள?"

"நானூறும் நூத்திப் பத்தும். ஐநூத்திப் பத்து மச்சான்."

"இன்னும்?"

"பத்தாயிரம்."

மச்சான் தலையாட்டினார். ஏதோ அவர் தோளில் இருந்து ஐநூறு கல் இறங்கிய மாதிரி முகம் கொஞ்சம் தெளிந்தது. கம்ப்யூட்டர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மொத்தத்தையும் ஓடவிட்டதும் அறுநூற்றுச் சொச்சத்தில் கோட் செத்து விழுந்தது. ரொம்ப வேகமாகக் கேட்கிறாய், பொறு என்று எதிர்ப்பக்கத்து சர்வர் கதவைச் சாத்திவிட்டது. அவன் கோட்டில் காத்திருக்கிற வரியைச் சேர்த்தான். மறுத்தால் ஒரு நொடி நில், திரும்ப மறுத்தால் இரண்டு நொடி, பிறகு நாலு, எட்டு. எது மீண்டது, எது மீளவில்லை என்று தனியாக ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டே போகவும் வைத்தான். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து பிடித்துக்கொள்ளலாம். மத்தியானத்துக்கு மேல் கோட் நடக்க ஆரம்பித்தது. ஓடவில்லை, சுமை தூக்கின ஆள் மாதிரி நின்று நின்று நடந்தது.

சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் மச்சான் கேட்டதற்காக, மீண்ட படங்களைத் திரையில் ஓடவிட்டான். மச்சான் ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்று சொன்னார்.

"இது யாரு, ஒம்போதா? மூஞ்சி எங்க? கட்டவெரலுதான தெரியுது. ரெண்டு வருஷம் கட்டவெரலையே புடிச்சிருக்கான், கிறுக்கன். கம்ப்ரசர்காரனப் பாரு. படம் புடிக்கிறப்பகூட வாயத் தெறந்துக்கிட்டு நிக்கிறான். அந்த வாயி மூடி நான் பாத்ததே இல்ல."

சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது.

மூன்று மணிக்குப் பதினாலாம் நம்பர் வந்தது. முதல் படத்தில் அந்த ஆளுக்குக் கன்னம் நிறைய சதை. சீட்டைப் பற்களுக்கு நடுவில் கடித்துக்கொண்டு கேலியாக நின்றிருந்தான். நூறாவது படத்தில் சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. இருநூறாவதில் கண் உள்ளே போயிருந்தது. கடைசிப் படம், இருநூற்று அறுபத்தொன்று. சீட்டைப் பிடித்திருந்த கை அவனுடையது இல்லை. பக்கத்தில் நின்ற யாரோ அவனுக்காகப் பிடித்திருந்தார்கள். காய்த்துப்போன கட்டைவிரல்.

"நான்தான் புடிச்சேன்," என்றார் மச்சான். "அவனுக்குக் கை தூக்க முடியல." திரையில் அந்தக் கையையே பார்த்தார். பிறகு, "இதப்போய் அழிச்சிட்டு நிக்கிறேன் பாரு."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றியது. வாயைத் திறந்தான்.

"ஒன் வெரல் நசுங்கினப்ப," மச்சான் முந்திக்கொண்டார், "நாந்தான் ஜல்லிக்குள்ள குனிஞ்சு தேடினேன். டாக்டரு ஒட்டவச்சிருவாருன்னு எவனோ சொன்னான். ஒரு மணி நேரம் தேடினேன். கெடைக்கல. அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு, நான் தொலச்சமாதிரி. இன்னிக்கு நீ எனக்குத் தேடித் தர்ற." அவர் அவன் தோளைத் தொட்டார். தொட்டுவிட்டு, எதையும் தொடமாட்டேன் என்று சொன்னது ஞாபகம் வந்து கையை மறுபடி தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். "இன்னொண்ணு. அக்காகிட்ட நேத்தே லெட்டர் எழுதிக் குடுத்துட்டேன். என் மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்னு. எல்லாரோடதையும் அழிச்சிட்டு என்னோடத மட்டும் கொண்டுபோய் நீட்ட எனக்கு மூஞ்சி இல்ல."

கம்ப்யூட்டர் திரையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினான். இருபத்துமூன்று பேரில் எக்ஸ்ரேயில் நெஞ்சு அதிகமாக வெளுத்துக் கிடப்பது மச்சானுக்குத்தான். மனுவை வாபஸ் வாங்கினால் வைத்தியம் கிடையாது. திரும்பப் போடவும் முடியாது.

"படம் எல்லாம் வந்துட்டா லெட்டரக் கிழிச்சிருங்க மச்சான்."

"பாக்கலாம்."

அந்தப் பாக்கலாமைப் பிடித்துக்கொண்டு அவன் வாயை மூடிக்கொண்டான். எல்லாம் திரும்பி வரும், லெட்டரும் கிழியும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அந்த நேரத்துக்கு அது நியாயமான கணக்காகவே பட்டது.

*

வியாழக்கிழமை பதினொன்றரைக்குக் கடைசிப் படம் வந்து சேர்ந்தது. மீளாத பட்டியலில் பூஜ்யம். ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபார்த்தான். பத்தாயிரத்து அறுநூற்றுப் பதினாலும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கிலும் ஏற்றிவைத்தான்.

சாயங்காலம் அறை தாங்கவில்லை. கம்ப்ரசர்காரர் அவனை இடுப்போடு தூக்கிச் சுற்றினார். "கம்ப்யூட்டரு, நீ ஆளு இல்லடா, சாமி! எட்டு வெரல வச்சு எங்க எல்லாரையும் தூக்கி விட்டுட்ட!" பதினாலாம் நம்பரின் பெண்டாட்டி அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவனுக்குக் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும்போல இருந்தது. மச்சானைப் பார்த்துக் கம்ப்ரசர்காரர், "போய்த் தொல, பொழச்ச. ஒன் தங்கச்சி புருஷன் மட்டும் இல்லேன்னா ஒன்ன ஊரே காறித் துப்பியிருக்கும்," என்றார். மச்சான் சிரித்தமாதிரி காட்டிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு கம்ப்யூட்டர் அக்காவிடம் போனான்.

"அக்கா, மச்சான் லெட்டரக் குடுத்துறாதீங்க."

"நானா எழுதச் சொன்னேன்? இப்பதான் கேட்டேன், கிழிச்சிறட்டுமான்னு. வேணாங்குறான். படம் வந்துச்சு, பேரு வந்துச்சான்னு கேக்குறான். அவன் கையெழுத்துப் போட்டது. அவன் கேக்காம நான் கிழிக்க முடியாதுடா." அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "நீ ஏன்டா ரெண்டு நாளா பேயறைஞ்சவன் மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லக்கா."

*

வெள்ளிக்கிழமை தொழிலாளர் அலுவலகத்தின் நீளமான நடைபாதையில் இரண்டு பெஞ்ச் போட்டிருந்தார்கள். இருபத்திரண்டு பேரும் பதினாலாம் நம்பரின் பெண்டாட்டியும் சுவரோடு சுவராக நின்றார்கள். இவனுடைய பெண்டாட்டியும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்காமல், தள்ளி ஒரு தூணோரம் நின்றாள். மச்சான் சலவைச் சட்டை போட்டிருந்தார். மற்றவர்களை வழியனுப்ப வந்தவர் மாதிரி கையில் தண்ணீர்ப் பாட்டில் மட்டும் வைத்திருந்தார்.

கதவு திறந்து குமாஸ்தா தலையை நீட்டினான். "வாபஸ் மனு ஏதாச்சும் இருந்தா மொதல்ல குடுங்க. அதுக்கப்புறம்தான் வரிசையாக் கூப்பிடுவோம்."

அக்கா பையில் இருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பது. சரியாக முப்பது நாள். மீட்டிருக்காவிட்டால் இந்த நேரத்துக்குக் குப்பைத்தொட்டி தன்னைத்தானே காலிசெய்து முடித்திருக்கும்.

"நான்தான் அழிச்சேன்," என்றான் கம்ப்யூட்டர்.

யாருக்கும் கேட்கவில்லை. கம்ப்ரசர்காரர்தான், "என்னடா முணுமுணுக்கிற?" என்றார்.

"படத்த அழிச்சது நான். மச்சான் இல்ல." இந்தத் தடவை நடைபாதை முழுக்கக் கேட்டது. ஆபீசில் இருந்து கொண்டுவந்திருந்த லேப்டாப்பைப் பெஞ்சில் வைத்துத் திறந்தான். பாஸ்வேர்டை இரண்டுமுறை தப்பாகப் போட்டான். நடவடிக்கைப் பட்டியலைக் காட்டி, மூன்று நாளாக அமுக்காத அம்புக்குறியை அமுக்கினான். "பாருங்க. அந்தப் பொதங்கெழம காலைல பத்து நாப்பது." பிறகு ஒண்ணாம் நம்பர் ஃபோல்டரைத் திறந்து ஒரு படத்தை எடுத்தான். மச்சான் சீட்டைக் கன்னத்தில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தார். சீட்டில் அதே தேதி. "அன்னிக்கு அவரு கையில சீட்டு இருக்கு. சீட்டத் திருப்பிக் குடுக்காம அஞ்சு மணிக்கு முன்னாடி எவனும் குவாரிய விட்டு வெளிய வரமுடியாது. ஒங்களுக்கே தெரியும். பத்து நாப்பதுக்கு ஆபீஸ்ல இருந்தது நான் ஒருத்தன்தான். ரெட்டப் படத்த அழிக்கிறேன்னு நான் எழுதின கோட் அழிச்சுது. பேர மட்டும் பாத்தேன். படத்தப் பாக்கல."

கம்ப்ரசர்காரர் படத்தையும் மணியையும் மாறிமாறிப் பார்த்தார். திறந்த வாய் திறந்தபடி நின்றது. ஆனால் சத்தம் வரவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு மச்சானிடமிருந்து இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

"செவ்வாக்கெழமையே ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியும்."

தூணோரத்தில் இருந்து அவன் பெண்டாட்டி, "அன்னிக்கு நான் போய் அண்ணன வாய்க்கு வந்தபடி கேட்டனே," என்றாள். அவனிடம் சொன்னமாதிரி இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அவனைத் தாண்டிப் போய் அண்ணன் கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

மச்சான் மட்டும் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார், கை ஓங்குவார் என்று கம்ப்யூட்டர் காத்திருந்தான். அடி விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"பொதங்கெழம பூரா பக்கத்துலயே ஒக்காந்திருந்தேனே மாப்ள," என்றார். "கையத் தொடைக்குக் கீழ வச்சுக்கிட்டு."

அவ்வளவுதான் சொன்னார்.

அக்கா காகிதத்தை மச்சானிடம் நீட்டினாள். அவர் வாங்கினார். நாலாகக் கிழித்தார். கிழித்ததைக் கீழே போடாமல், சீட்டுக் கிழிக்கிறவனின் ஞாபகம் வந்ததோ என்னவோ, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணாம் நம்பர்!" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

மச்சான் போனார். கதவு மூடிய இரண்டே நிமிஷத்தில் குமாஸ்தா திரும்பவும் எட்டிப் பார்த்தான். "அந்த டிஸ்க்கு எங்க மெஷின்ல தெறக்கல. கம்ப்யூட்டர் ஆளு யாரு? உள்ள வா."

உள்ளே அதிகாரி மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தார். இந்தப்பக்கம் இரண்டு நாற்காலி. ஒன்றில் மச்சான். கம்ப்யூட்டர் இன்னொன்றின் விளிம்பில் உட்கார்ந்து லேப்டாப்பை மேசைமேல் வைத்தான். ஒண்ணாம் நம்பர் ஃபோல்டரைத் திறந்தான். நேரத்தை மிச்சம் பண்ணலாம் என்று, எல்லாப் படத்தையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஓடவிடப் போனான்.

மச்சானின் கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. கல் பிடிக்கிற பிடி.

"மொத்தமா எதையும் அமுக்காத. ஒவ்வொண்ணாத் தெற."

"ஐநூத்தி நாப்பத்தஞ்சு இருக்கு மச்சான்."

"இருக்கட்டும். நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கம்ப்யூட்டர் முதல் படத்தைத் திறந்தான். மச்சான் தேதியை வாய்விட்டுப் படித்தார். படித்து முடிக்கும்வரை காத்திருந்து, அவன் இரண்டாவது படத்தைத் திறந்தான்.